உறிஞ்ச வேண்டிய மருந்து

"போன மாசம் கொடுத்த கேப்சூலை எப்படி எடுத்தீங்க?"

மருந்து ஜன்னலில் நின்று நான் அலுக்காமல் கேட்ட கேள்வி இது. "மிஷின்ல போட்டு இழுத்தேன் தாயி" என்று சொன்னால் நிம்மதி. பலர் சொன்ன பதில் வேறு: "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, வெந்நீரு குடிச்சு முழுங்கிட்டேன்." அந்த கேப்சூலுக்குள் இருப்பது நுரையீரலுக்கு நேராகப் போய்ச் சேர வேண்டிய பொடி. வயிற்றுக்குள் போனால் மூச்சுக்குழாய்க்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. உறிஞ்சும் கருவியோ உறை பிரிக்கப்படாமல் வீட்டு மாடத்தில் பத்திரமாக இருக்கும். மாதம் முழுக்க மருந்து சாப்பிட்டும் இளைப்பு குறையவில்லையே என்று கோபமாக வருவார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அவர்களுக்கு யாரும் செய்து காட்டவில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தாலுகா மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கரிசல் பூமி. அடுப்புக்குப் பருத்திமாரும் சீமைக்கருவேல விறகும். பிழைப்புக்குத் தறி, தீப்பெட்டி, பட்டாசு, கல் கிரஷர், கரிமூட்டம். எந்த வேலையை எடுத்தாலும் தூசியோ புகையோ கூடவே வரும். மார்கழி பிறந்தால் ஜன்னலுக்கு முன்னால் இருமல் சத்தம்தான்.

மருத்துவர்கள் இதற்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று பெயர் சொல்வார்கள், சீட்டில் சி.ஓ.பி.டி. என்று இருக்கும். ஊரில் எல்லாமே வீசிங், இல்லாவிட்டால் இளைப்பு. ஆஸ்துமாவும் இதுவும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் போகிற பாதை வேறு. ஆஸ்துமாவில் குழாய் சுருங்கும், மருந்து போட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். பலருக்குச் சின்ன வயதிலேயே தொடங்கிவிடும். சி.ஓ.பி.டி.யோ பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல் தலைகாட்டும். வருடக்கணக்காக உள்ளே போன புகையால் மூச்சுக்குழாயின் உட்சுவர் தடித்து, சளி சேர்ந்து, வழி குறுகிப்போகிறது. கடைசியில் இருக்கும் நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் அழிகின்றன. அழிந்தது திரும்ப வளராது. இந்த நோயாளிக்குக் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு. பழைய காற்று முழுதாக வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுவதால், புதுக்காற்றுக்கு இடமில்லாமல் நெஞ்சு விம்மிக்கொண்டே இருக்கும். "நெஞ்சு கட்டிக்கிருது தாயி, ஒரு எட்டு வைக்க முடியல" என்று சொல்வது இதைத்தான்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் இந்த நோயால் இறந்தவர்கள் 35 லட்சம் பேர். உலகில் நடந்த மொத்தச் சாவில் சுமார் 5 சதவீதம். 70 வயதை எட்டும் முன்பே இதனால் போய்ச் சேருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் இருக்கிறார்கள். இந்தியாவில் 1990இல் 2.8 கோடியாக இருந்த நோயாளிகள் 2016இல் 5.5 கோடியாகிவிட்டார்கள். நீரிழிவைப் பற்றித் தெருவுக்குத் தெரு பேசுகிறோம், வாக்கிங் போகிறோம். இத்தனை பேரை முடக்கிப்போடும் ஒரு நோய்க்கு ஊரில் ஒழுங்கான பெயர்கூட நிலைக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பீடி, சிகரெட்டால் வருவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பணக்கார நாடுகளில் அது பெருமளவு உண்மை. அங்கே இந்த நோயில் 70 சதவீதத்துக்கு மேல் புகைப்பழக்கத்தால் வருகிறது. நம்மைப் போன்ற நாடுகளில் அதன் பங்கு 30 முதல் 40 சதவீதம்தான். மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், என் ஜன்னலுக்கு வந்த பெண்களைத்தான் காட்டுவேன்.

ஒரு அம்மாச்சி வருவார். பீடியைத் தொட்டுப் பார்க்காதவர். கலியாணமாகி வந்த நாளிலிருந்து தகரக் கூரை போட்ட சமையலறையில், குனிந்து, ஊதுகுழலை வாயில் வைத்து, ஈர விறகைப் பற்றவைத்தவர். ஊதிவிட்டு அடுத்த மூச்சை இழுக்கும்போது முகம் அடுப்புக்கு நேராக இருக்கும். புகை முழுவதும் உள்ளே. மாமனார் வீட்டில் நெல் அவித்தது, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைத்தது எல்லாம் இவர் கணக்கில்தான். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவும் தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில், 436 கிராமத்து வீடுகளில், காற்றை அளந்து 2002இல் வெளியிட்டார்கள். விறகெரிக்கும் வீட்டில் சமையல் நேரத்தில் நுரையீரல்வரை போகக்கூடிய நுண்தூசி ஒரு கனமீட்டருக்கு 500 முதல் 2000 மைக்ரோகிராம்வரை இருந்தது. ஒரு நாள் முழுவதும் கூட்டிச் சராசரி பார்த்தால் சமைக்கிற ஆளுக்கு 231, அதே வீட்டில் சமைக்காதவருக்கு 90. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு விதக் காற்று. அம்மாச்சியிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது, "அவுக திண்ணையில இருந்தாக, நான் அடுப்படியில இருந்தேன்" என்றார்.

2016 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் உஜ்வாலா திட்டம் தொடங்கிய பிறகு கேஸ் அடுப்பு இல்லாத வீடு அரிதாகிவிட்டது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் அம்மாச்சி வீட்டில் சிலிண்டர் டீ போடவும், விருந்தாளிக்குச் சமைக்கவும்தான். குளிக்கிற வெந்நீருக்கும் உலைச்சோற்றுக்கும் விறகு. காட்டில் சும்மா கிடைக்கிற கருவேலத்தை விட்டுவிட்டு, சிலிண்டருக்கு ஒரு வாரக் கூலியை எப்படிக் கொடுப்பார்? புகை குறைந்த விறகடுப்பு கொடுத்தால் போதும் என்றும் சில நாடுகளில் முயன்று பார்த்தார்கள். ஆப்பிரிக்காவில் மலாவியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது: அடுப்பை மாற்றிய வீடுகளிலும் குழந்தைகளுக்கு நிமோனியா குறையவில்லை. அடுப்பு மாறினாலும் குப்பை எரிகிற புகையும் அடுத்த வீட்டுப் புகையும் மாறவில்லையே.

இன்னொரு கூட்டம் உண்டு. காசநோய் வந்து, ஆறு மாத மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, சளியில் கிருமி இல்லை என்று சான்று வாங்கியவர்கள். "டி.பி. போயிருச்சுன்னு சொன்னாகளே, பெறகு ஏன் மூச்சு வாங்குது?" என்று கேட்பார்கள். கிருமி போனாலும் நுரையீரலில் தழும்பு இருக்கும், குழாய்கள் விரிந்து சளி தேங்கும், சிலருக்கு அடைப்பு நிரந்தரமாகிவிடும். காசநோய்ப் பதிவேட்டில் "குணமடைந்தார்" என்று எழுதி மூடியதும் இவர்களைத் தேடி யாரும் வருவதில்லை. இருமல் கூடினால் மறுபடியும் டி.பி.யோ என்ற சந்தேகத்தில் திரும்பத் திரும்பச் சளிப் பரிசோதனை. கிருமியே இல்லாமல் இரண்டாம் முறையும் டி.பி. மாத்திரை சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, மூச்சு முட்டினால் என்ன செய்கிறார்கள்? ஊசி. பக்கத்துக் கிளினிக்கில் டெரிஃபிலினும் டெக்ஸாவும் சேர்த்துப் போட்டால் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு லேசாகும். மறுநாள் வேலைக்குப் போகலாம். தினக்கூலிக்காரருக்கு அதுதான் முக்கியம், அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் டெக்ஸா என்பது ஸ்டீராய்டு. வாரம் தவறாமல் ஏறினால் சர்க்கரை கூடும், எலும்பு பலமிழக்கும், முகம் உப்பும், தோல் தாள்போல மெலியும். மூச்சுக்குழாயின் வீக்கமோ ஊசியின் வேகம் இறங்கியதும் பழையபடி தொடரும். ஒவ்வொரு திணறலையும் தனித்தனி விபத்தாகப் பார்த்து, தனித்தனியாகக் காசு கொடுத்துத் தீர்க்கிறோம். நடுவில் இருக்கும் நல்ல நாட்களில் சிகிச்சையே கிடையாது. நோயை வளர்ப்பது அந்த இடைவெளிதான்.

இன்ஹேலர் என்றால் எல்லோருக்கும் பயம். "பம்பு வந்துட்டா அம்புட்டுத்தான், விடவே முடியாது" என்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று மகளின் பம்பை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த தாயை எனக்குத் தெரியும். நான் கணக்குச் சொல்லித்தான் புரியவைப்பேன். சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் மருந்து 4 மில்லிகிராம். பம்பை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். இரண்டு முறை இழுத்தாலும் மாத்திரையில் இருப்பதில் இருபதில் ஒரு பங்குதான். மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிவிட்டுக் கொஞ்சமாக நுரையீரலுக்குப் போகும். அதற்குள் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். உறிஞ்சியது நேரே அங்கேயே இறங்கும். எது பலமான மருந்து, எது லேசானது என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

செய்துகாட்ட எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு ஸ்டூலும் கொஞ்சம் நேரமும். கேப்சூலைக் கருவியில் சொருகி, அடிப்பாகத்தைத் திருகினால் உள்ளே அது இரண்டாகப் பிரியும். முதலில் கருவியை விலக்கிப் பிடித்து மூச்சை வெளியே விட வேண்டும். கருவிக்குள் ஊதினால் பொடி ஈரமாகிக் கட்டிதட்டிவிடும். பிறகு உதட்டை இறுகப் பொருத்தி, வேகமாக, ஆழமாக ஓர் இழுப்பு. பத்து எண்ணும்வரை அடக்கி மெதுவாக விட வேண்டும். கடைசியில் கேப்சூல் கூட்டைத் தட்டிப் பார்த்து, பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை. ஸ்டீராய்டு கலந்ததென்றால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும். அழுத்துகிற பம்புக்கு இதற்கு நேர் எதிர்: மெதுவாக இழுத்துக்கொண்டே அழுத்த வேண்டும். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்து, "டெய்லி போடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் வயதானவர் என்ன செய்வார்? டாக்டரைக் குறை சொல்ல முடியாது. காலை வரிசையில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் அவரிடம் இருக்கிறது.

பம்பையும் மூச்சையும் ஒரே நொடியில் சேர்க்க முடியாதவர்களுக்கு ஸ்பேசர் என்ற குடுவை வேண்டும். அது எங்களுக்கு அடிக்கடி வராது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஹெதர் ஜார் என்ற குழந்தை மருத்துவர், அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் கடையில் விற்கும் ஸ்பேசர் அளவுக்கு வேலை செய்கிறது என்று 1999இலேயே நிரூபித்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் நானும் செய்தேன். பம்பின் வாய் அளவுக்குக் கம்பியை வளைத்து, பழுக்கக் காய்ச்சி, பாட்டிலின் அடியில் வைத்தால் அதே வடிவில் ஓட்டை விழும். பம்பைச் சொருகிச் சுற்றிலும் டேப் ஒட்டி, பாட்டில் வாயில் உதட்டை வைத்து நிதானமாக மூச்சு இழுத்துவிட வேண்டியதுதான். சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் மருந்து பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோடா பாட்டிலில் மருந்தா என்று சிரித்த அண்ணாச்சி ஒருவர், பிறகு தன் தறிக்கூடத்தில் இரண்டு பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறார்.

சால்புட்டமால், ஸ்டீராய்டான புடெசோனைடு இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன, இந்தியப் பட்டியலிலும் இருக்கின்றன. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய மருந்து இல்லை இது. பிறகு ஏன் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் கிடைத்த கவனம் இதற்குக் கிடைக்கவில்லை? என் கணிப்பு இது. பிரஷரை ஒரு நிமிடத்தில் யாரும் பார்க்கலாம், சர்க்கரைக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். எண் கிடைத்தால் பதிவேடு கிடைக்கும், பதிவேடு இருந்தால் மருந்து ஒதுக்கீடு வரும். நுரையீரல் அடைப்பை உறுதி செய்ய ஸ்பைரோமீட்டர் வேண்டும். நோயாளி முழு மூச்சையும் இழுத்து, பலம் கொண்டமட்டும் ஊத வேண்டும். மருந்து கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வேண்டும். மொத்தம் ஊதிய காற்றில் முதல் ஒரு வினாடியில் வெளிவந்தது 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு. பக்கத்தில் நின்று "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று கத்தப் பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் வேண்டும். அந்த ஆள்தான் இல்லை. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் 2023 வழிகாட்டுதலில் இந்த நோயையும் ஆஸ்துமாவையும் சேர்த்திருக்கிறார்கள். திட்டம் ஆரம்பித்தது 2010இல். தாமதமானாலும் வரவேற்கிறேன், அந்த வரி தாலுகா மருத்துவமனை ஜன்னல்வரை வர வேண்டும்.

நீண்டநாள் நுரையீரல் நோயாளியை வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ள முடியும் என்று உலகத்துக்குக் காட்டியதே சென்னைதான். 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் இன்னொரு பகுதியினரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலும் வைத்து ஒரு வருடம் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாமல் வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்குத் தேறினார்கள். 1959இல் வந்த அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது. மருந்து தவறாமல் கையில் சேர்ந்ததும், சாப்பிட்டாரா என்று கேட்க ஆள் இருந்ததும்தான் அங்கே வேலை செய்தவை. அதே இரண்டும் இளைப்பு நோயாளிக்கும் கிடைக்க வேண்டும்.

காசே செலவாகாத மருந்து ஒன்றும் இருக்கிறது: நடப்பது. மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்துவிட்டால் தொடைச் சதை வற்றும், அப்புறம் கழிப்பறைவரை போகவே திணறும். எங்கள் மருத்துவமனைக்கு வந்த இளம் பிசியோதெரபிஸ்ட் தம்பி ஒருவர், மாலை நேரத்தில் வராந்தாவில் நாலைந்து பேரைச் சேர்ப்பார். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவது, வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பது. மூக்கால் இழுத்து, விசிலடிப்பதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்வார். குழாய் சட்டென மூடிக்கொள்ளாமல், தேங்கிய காற்று வெளியேறும். கிரஷரில் வேலை பார்த்த ஒருவர் இரண்டு மாதத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ இல்லாமல் நடந்து வந்தார். அவருடைய நுரையீரல் மாறவில்லை, கால் மாறியிருந்தது. அந்தத் தம்பி மாற்றலாகிப் போனதும் வராந்தா காலி.

நோய் முற்றி, ஓய்வாக இருக்கும்போதே ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்கு மேல் ஏறாதவர்களுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் வேண்டும், நாளுக்குக் குறைந்தது பதினைந்து மணி நேரம். கொரோனா காலத்தில் வந்த கான்சன்ட்ரேட்டர்கள் பல இடங்களில் மூலையில் தூங்குகின்றன. வீட்டுக்குக் கொடுத்தாலும் கரண்ட் பில்லை யார் கட்டுவது, மின்வெட்டில் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அந்த நிலைக்கு வராமல் பார்த்துக்கொள்வதற்கு ஆகும் செலவு அதைவிட மிகவும் குறைவு.

எனக்கு இன்றும் தீர்க்க முடியாமல் இருப்பது கரிமூட்டக்காரர்கள் விஷயம். குடும்பத்தோடு கிளம்பி ராமநாதபுரம் பக்கம் போவார்கள். கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் மெழுகித் தீ வைத்து, ராத்திரியெல்லாம் மூட்டத்துக்குக் காவல் இருப்பார்கள். புகைக்குள்ளேயேதான் படுக்கை. "ரெண்டு மாசத்துக்குச் சேத்துக் குடு தாயி" என்று கேட்பார்கள். ஒரு மாதத்துக்கு மேல் கொடுக்க எங்களுக்கு வழி இருக்கவில்லை. மருந்து தீர்ந்ததும் அங்கே ஊசி, முற்றிவிட்டால் 108. காசநோயாளி ஊர் மாறினால் அவருடைய விவரம் நிக்‌ஷய் இணையப் பதிவில் கூடவே போய்விடும். எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் விட்ட இடத்திலிருந்து மருந்தைத் தொடரலாம். காசநோய் தீர்ந்து தழும்போடு போகிற அதே மனிதருக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் ஒரு கெட்டி அட்டையில் மருந்தின் பெயர், அளவு, எந்தக் கருவி, எத்தனை வேளை என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, மேலே பாலிதீன் ஒட்டிக் கொடுத்து வந்தேன். அதைக் காட்டி முதுகுளத்தூரில் மருந்து வாங்கியவர்கள் உண்டு, எங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் அட்டை எழுதித் தரச் சொல்லி வீட்டுக்கு வருகிறார்கள். எழுதிக் கொடுக்கிறேன். அரசாங்க முத்திரையோடு, எல்லா ஊர் ஜன்னலிலும் செல்லுபடியாகிற அட்டையாக அது வர வேண்டும் என்று மாவட்ட மனுநீதி நாளில் மனுவும் கொடுத்திருக்கிறேன்.